முதுமைப் பாடமும் முப்பது மாணவியரும்

காலை மணி ஏழு பதினைந்து. காட்டுப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு கறுப்புக் கண்ணாடியை. அதன் இரு வில்லைகளிலும் வாஸலின் களிம்பு தடவியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. வலது முழங்காலை மடக்க முடியாதபடி சேலைக்கு உள்ளே பாண்டேஜ் சுற்றியிருந்தது. கான்வாஸ் ஷூ ஒவ்வொன்றிலும் ஒரு பிடி பச்சைப்பயறு. அவள் விளக்குக் கம்பத்தைப் பார்த்து, "சார், பூந்தமல்லி பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டாள். நான் கம்பத்துக்கு மூன்றடி இடப்பக்கம் நின்றிருந்தேன்.

அவள் நர்சிங் மாணவி. அன்று காலை ஒன்பது மணி வரை எழுபத்தைந்து வயதுக் கிழவியாக இருப்பது அவளுக்கு இடப்பட்ட பணி. இட்டவள் என் மனைவி. முதுமை என்பது என்ன, முதியவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்பதை மாணவி தன் உடம்பால் அறிய வேண்டும். நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போது நான் ஒரு நாளிதழில் புறநகர்ச் செய்தியாளனாக இருந்தேன். தண்ணீர் லாரி வராத தெருக்களைப் பற்றி வாரம் இரண்டு முறை எழுதுவேன். இந்தக் கூடுதல் வேலைக்கு மனைவி சொன்ன காரணம்: "நீங்க பார்த்ததை மட்டும்தான் எழுதுவீங்க. மத்தவங்க நினைச்சதை எழுதிடுவாங்க."

பஸ் வந்தது. மாணவி ஏறினாள். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு இருக்கை அளவு பின்னால் நகர்ந்தார்.

"இன்னாமா, மெட்ராஸ்-ஐ நோவா?"

காதில் பஞ்சு இருந்ததால் அவளுக்குப் பாதிதான் கேட்டது. "பூந்தமல்லி ஒண்ணு" என்றாள்.

"அத்த யாரு கேட்டா? கண்ணு நோவ வச்சிகினு எதுக்குமா பஸ்ல ஏற்ற? யோவ், அந்த சீட்டு, எந்திரிங்கய்யா. மூஞ்சப் பாக்காம எந்திரி."

கண் சிவந்து பீளை கட்டும் அந்த நோய் ஆண்டுதோறும் எங்கள் பக்கம் வந்து போகும். வந்தவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். அந்தக் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லாருடைய திடமான நம்பிக்கை. மூன்று பேர் உட்கார்ந்திருந்த இருக்கை காலியானது. அதற்கு முன் இருக்கையும் பின் இருக்கையும் காலியாயின. ஒரு தாய் தன் குழந்தையின் கண்களை முந்தானையால் மூடினாள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "நந்தியாவட்டைப் பூவ ஒத்தி வையி தாயி" என்று ஜன்னலைப் பார்த்தபடி கத்தினார்.

மறுநாள் மாணவி தன் அறிக்கையைக் கொடுத்தாள். "முதியோருக்குச் சமூகம் மிகுந்த மதிப்பு அளிக்கிறது. கேட்காமலே மூன்று இருக்கைகள் காலி செய்யப்பட்டன. மருத்துவ ஆலோசனையும் கிடைத்தது" என்று எழுதியிருந்தாள்.

மனைவி அதைப் படித்துவிட்டு மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அவள் நெற்றியை வைத்துக்கொள்ள வேறு காரணமும் இருந்தது. ஒரு மருத்துவமனையின் நர்சிங் பள்ளியில் அவள் ஆசிரியை. எம்.எஸ்சி. படிக்க இரண்டு ஆண்டு விடுப்புக் கொடுத்திருந்தார்கள். மே மாதக் கடைசியில் விடுப்பு முடியும். அதற்குள் வழிகாட்டிப் பேராசிரியையின் கையெழுத்தோடு ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். இல்லையென்றால் ஆசிரியை வேலையை விட்டுப் பழையபடி வார்டில் நர்ஸாக நிற்க வேண்டும். இன்னொரு முறை விடுப்பு கிடையாது என்று கடிதம் வந்திருந்தது. அதை அவள் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தாள். நான் சட்டை எடுக்கும்போதெல்லாம் படிப்பேன்.

அவள் எடுத்த தலைப்பு, முதியோரைப் பராமரிப்பது எப்படி என்று நர்சிங் மாணவியருக்குத் தனியாகக் கற்பித்தால் அவர்களுடைய மனப்பான்மை மாறுமா என்பது. பூந்தமல்லியில் ஒரு பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவியர் முப்பது பேரைக் கொடுத்தார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், சபை ஒன்று நடத்திய சிறிய முதியோர் இல்லம் பயிற்சிக்கு இடம் கொடுத்தது. கற்பிப்பதற்கு முன் ஒரு படிவம், கற்பித்த பின் அதே படிவம். இரண்டுக்கும் நடுவில் மதிப்பெண் ஏறியிருந்தால் பாடம் பயன்பட்டது என்று பொருள்.

படிவத்தைத் தமிழாக்கியவன் நான். இருபத்தைந்து வாக்கியங்கள். "முதியவர்கள் பிடிவாதக்காரர்கள்", "முதியவர்களோடு பேசுவது அலுப்பைத் தரும்" என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுமையாக ஏற்கிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டம். மனதில் இருப்பதை அப்படியே குறியுங்கள், சரி தவறு கிடையாது என்று மனைவி மூன்று முறை சொன்னாள். மாணவியர் மூன்று முறையும் தலையாட்டினார்கள்.

முப்பது பேரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

தாள்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதித் தாள்களின் தலையில் பிள்ளையார் சுழி, மீதிப் பாதியில் சிலுவை. எல்லாரும் பதிவெண்ணை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள். ஒருத்தி கூடுதல் தாள் கேட்டு வாங்கி, முதியோரின் மேன்மை பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி நூல் கோத்துக் கட்டியிருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த ஐந்து பேர் ஒன்பதாம் கேள்விக்கு முதலில் ஒரே தவறான கட்டத்தில் குறித்து, பிறகு ஐந்து பேரும் அதை அடித்துவிட்டு ஒரே சரியான கட்டத்துக்குப் போயிருந்தார்கள். சொந்தக் கருத்தைப் பக்கத்து இலையைப் பார்த்து எழுதியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒருத்தியிடம் கேட்டேன். "உனக்கு எந்தக் கிழவர் மேலயும் எரிச்சல் வந்ததே இல்லையாம்மா?"

"வீட்ல தினம் வரும் சார்."

"அப்போ ஏன் இப்படி எழுதின?"

"இது காலேஜ் சார்."

பேராசிரியை நகரத்தில் ஒரு கல்லூரியில் இருந்தார். தாள்களைப் புரட்டிவிட்டு அவர் சொன்னது சுருக்கமானது. "முதல் நாளே மொட்டை மாடில நிக்கறாங்க. நீ கத்துக் குடுத்து எங்க ஏத்தப் போற? மனசை அளக்காத. கை கால் என்ன செய்யுதுன்னு அள."

ஆகவே மனைவி பன்னிரண்டு வரிப் பட்டியல் ஒன்று தயாரித்தாள். முதியவரிடம் தன் பெயரைச் சொன்னாளா, உட்கார்ந்து அவர் கண்மட்டத்துக்கு வந்தாளா, கேட்க வேண்டியதை அவரிடமே கேட்டாளா, பாதங்களைப் பார்த்தாளா, இப்படி. செய்தால் டிக், செய்யாவிட்டால் பெருக்கல் குறி. கற்பிப்பதற்கு முந்தைய வாரம் அவளே இல்லத்தின் வராந்தாவில் உட்கார்ந்து குறித்தாள். தாள் முழுக்கப் பெருக்கல் குறி.

அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இல்லத்தில் இருந்தார். ஒரு மாணவி அவர் தலைக்கு மேலாக, இல்லத்தில் வேலை செய்யும் ஆயாவிடம், "தாத்தா சாப்ட்டாரா?" என்று கேட்டாள்.

"தாத்தாவயே கேளேன். தாத்தா இங்கதான கீறாரு" என்றார் ஃபிட்டர்.

மாணவி மறுபடி ஆயாவிடம், "தாத்தாவுக்குக் கோவம் வருமா?" என்று கேட்டாள். இன்னொரு பெருக்கல் குறி.

இந்தத் தாள்களைப் பேராசிரியை உடனே ஏற்றுக்கொண்டார். "இவ்வளவு கேவலமா இருக்குன்னா உண்மையாத்தான் இருக்கும்" என்றார்.

பிறகு நான்கு வாரம் பாடம். பச்சைப்பயறும் பாண்டேஜும் அப்போது வந்தவைதான். ஒரு நாள் நல்ல மழை. நனைந்த ஷூக்களை விடுதியில் மூலையில் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பயறு முளைவிட்டிருந்தது. அதைச் சுண்டல் செய்யலாமா என்று கேட்டவளுக்கு மனைவி சுகாதாரப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினாள்.

பட்டியலில் மாணவியருக்கு மிகவும் கடினமாக இருந்தது ஏழாவது வரி: குழப்பத்தில் இருப்பவரோடு வாதாடக் கூடாது. இல்லத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். அந்த வட்டாரத்திலேயே பழைய விவசாயக் குடும்பம். தினமும் மூன்று மணிக்குக் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, "களத்துல பதினோரு ஆளு பசியோட கீது, நான் போயி ஒல வைக்கணும்" என்று வாசலுக்குக் கிளம்பிவிடுவார். களம் மனைகளாகி, மனைகள் வீடுகளாகிவிட்டன. முதல் வாரம் ஒரு மாணவி, "பாட்டி, அங்க களமே இல்ல, வீடியோ கடை கீது" என்று சொல்லி, தலையில் ஒரு குட்டு வாங்கினாள்.

"எதிர்த்துப் பேசாதீங்க" என்று மனைவி கற்பித்தாள். "பொய்யும் சொல்லாதீங்க. அவங்க எந்த உலகத்துல இருக்காங்களோ அதைப் பத்தி மெதுவா ஒரு கேள்வி கேளுங்க. பிறகு பேச்சை மாத்துங்க."

அதன்படி அடுத்த நாள், "என்ன குழம்பு பாட்டி?" என்று கேட்டார்கள். மூதாட்டி நின்றார். யோசித்தார். உட்கார்ந்தார். அரை மணி நேரம் சொன்னார். இரண்டாவது வாரத்தில், பதினோரு ஆளுக்குக் கருவாட்டுக் குழம்பா மொச்சைக் குழம்பா என்பதில் மாணவியர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரோடு ஒருவர் வாதாடினார்கள். அதற்குப் பட்டியலில் தடை இல்லை.

நான்கு வாரம் முடிந்ததும் மறுபடி குறிக்க வேண்டும். கற்பித்தவளே குறித்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், முதியவர்களையே குறிக்கச் சொன்னாள் மனைவி. எல்லாரும் எல்லாருக்கும் எல்லா வரியிலும் டிக் போட்டார்கள். கஞ்சியை மடியில் கொட்டிய பெண்ணுக்கும் பன்னிரண்டு டிக். ஏற்பாடு செய்தவர் ஃபிட்டர் என்று விசாரணையில் தெரிந்தது.

"இன்ஸ்பெக்சன்னு வந்துட்டா ஒருத்தர ஒருத்தர் காட்டிக் குடுக்கக் கூடாதுமா" என்றார் அவர். "பச்சப் புள்ளைங்க பொழப்பு. கஞ்சி இன்னா, காஞ்சிடும்."

"தாத்தா, நீங்க உண்மையா குறிச்சாத்தான் எனக்குப் பட்டம்."

"உனக்கும் டிக்கு போட்டுடறேன். பேப்பர் இருந்தா குடு."

மே மாதம் இரண்டாவது வாரம் ஆகிவிட்டது. பேராசிரியை அந்தத் தாள்களை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "புதன்கிழமை பத்து மணிக்கு நானே வரேன். நானே குறிக்கறேன். சரியா இருந்தா அங்கயே கையெழுத்து. இல்லன்னா அடுத்த வருஷம் வேற தலைப்பு."

அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது பீரோக் கதவில் ஒட்டியிருந்தது.

புதன்கிழமை மனைவியும் நானும் ஒன்பது மணிக்கே காட்டுப்பாக்கம் நிறுத்தத்தில் நின்றோம். மாணவியரை எட்டரைக்கே இல்லத்துக்கு அனுப்பிவிட்டாள். யாரோ பெரியவர்கள் வருவார்கள், நீங்கள் படித்தபடி நடந்தால் போதும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். பேராசிரியையை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஐந்து பஸ் வந்து போனது. எதிலும் அவர் இறங்கவில்லை.

அவர் முதல் நாள் இரவே ஆவடியில் தம்பி வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது. தம்பி மகன் காலையில் காரில் அழைத்து வந்து, ஒன்பது பத்துக்கு இல்லத்தின் வாசலில் இறக்கிவிட்டான். அவருக்கு வயது ஐம்பத்தேழு. தடித்த கண்ணாடி. முந்திய வாரம் படியில் கால் பிசகியதால் லேசாக நொண்டினார். கையில் மாற்றுச் சேலையும் துண்டும் இருந்த ஒரு துணிப்பை. பிறகு நடந்ததை ஃபிட்டர், ஆயா, இரண்டு மாணவியர் ஆகிய நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நால்வரும் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் தருகிறேன்.

தம்பி மகன், "அத்தை, சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, இறங்காமலே காரைத் திருப்பினான்.

ஆயா மாணவியர் பக்கம் திரும்பி, "அல்லாரும் இத்தயேதான் சொல்லிட்டுப் போறாங்க" என்றார்.

கறுப்புக் கண்ணாடி போட்டு பஸ்ஸில் போன அதே மாணவி முன்னால் வந்தாள். தன் பெயரைச் சொன்னாள். பையை வாங்கிக்கொண்டாள். பேராசிரியையைக் கட்டிலில் உட்காரவைத்து, தானும் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்மட்டத்துக்கு வந்தாள்.

"பஸ்ல வரதா இருந்தது. கார்ல வந்துட்டேன். நான் ஆய்வு விஷயமா வந்திருக்கேன்" என்றார் பேராசிரியை.

"சரிங்கம்மா."

"நான் புரொபசர்."

இரண்டு மாணவியர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாவது வரி.

"அப்படிங்களாம்மா. என்ன பாடம் எடுப்பீங்க?"

"நர்சிங்."

"ரொம்ப சந்தோஷம்மா. இன்னிக்கு எத்தனை மணிக்கு கிளாஸ்?"

"கிளாஸ் இல்லம்மா. உங்களையெல்லாம் பார்த்து மார்க் போட வந்திருக்கேன்!"

குரல் உயர்ந்துவிட்டது. சத்தம் போட்டுப் பேசுகிறவருக்குக் காது மந்தமாக இருக்கலாம், சோதிக்கவும் என்பது எட்டாவது வரி. மாணவி வலது காதருகே குனிந்து, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, "போ டுங் கம் மா" என்றாள். பிறகு சுற்றி வந்து இடது காதிலும் அதையே சொன்னாள்.

ஃபிட்டர் தன் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். "இன்னாமா, புரொபசரா? நானும் வந்த புதுசுல போர்மேன்னு சொல்லிகினு திரிஞ்சேன். ஒரு வாரத்துல அல்லாம் சரியாப் பூடும். அழுவாத."

"நான் அழலை!"

"அத்தான் சொல்றேன். அழுவாத."

மூதாட்டியும் வந்தார். பேராசிரியையை மேலும் கீழும் பார்த்து, "பன்னெண்டாவது ஆளு வந்துடுச்சி, இன்னும் ஒரு படி போடணும்" என்று உள்ளே திரும்பினார்.

வேறு வழியாக இல்லத்துக்கே போய்விட்டாரோ என்று பார்க்க, ஒன்பது ஐம்பதுக்கு மனைவியும் நானும் உள்ளே நுழைந்தோம். பேராசிரியையின் இரண்டு கால்களும் நீல பிளாஸ்டிக் பேசினில் வெந்நீருக்குள் இருந்தன. தோளில் அவருடைய துண்டு. மடியில் ஒரு டம்ளர் காப்பி, பாதி குடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. கறுப்புக் கண்ணாடிக்காரி மனைவியிடம் ஓடி வந்தாள்.

"மேடம், புது அட்மிஷன். கால் வீங்கியிருக்கு. கொஞ்சம் குழப்பத்துல இருக்காங்க. புரொபசர்னு சொல்றாங்க. நாங்க யாரும் வாதாடல மேடம்."

பெருமையோடுதான் சொன்னாள். மனைவியின் முகத்தில் இருந்த நிறத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. முப்பது பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

"மேடம்..." என்று மனைவி தொடங்கினாள்.

"பட்டியலைக் குடு" என்றார் பேராசிரியை.

அப்படி ஒரு பட்டியல் இருப்பதை இல்லத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் யாரும் அறிந்திருக்க நியாயமில்லை. வரிசையில் முதல் மாணவிக்கு விஷயம் புரிந்தது. அது வலப்பக்கமாக ஒவ்வொரு முகமாகப் பரவி முப்பதாவது முகத்தை அடைய ஏறக்குறைய நான்கு நொடி ஆனது. கடைசி பெஞ்ச் ஐவருக்கு ஒரே நேரத்தில் புரிந்தது.

பேராசிரியை கால்களை வெளியே எடுக்கவில்லை. காப்பி டம்ளரை ஃபிட்டரிடம் கொடுத்தார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். நான் கொடுத்த பேனாவால், ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் குறித்தார்.

"பெயரைச் சொன்னாளா? சொன்னா. கண்மட்டத்துக்கு வந்தாளா? வந்தா. என்னையே கேட்டாளா? என்னைத் தவிர வேற யாரையும் கேக்கலை, கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பாதம்? பார்த்துகிட்டே இருக்கா." ஏழாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது. "வாதாடினாளா?" அவர் வரிசையை நிமிர்ந்து பார்த்தார். "இல்லை" என்று சொல்லி டிக் போட்டார். தாள் லேசாகக் கிழிந்தது.

பதினோராவது வரி வாய்ச் சுகாதாரம். அங்கே பெருக்கல் குறி போட்டார்.

"பல் செட்டைக் கழட்டித் தாங்கன்னு சொல்லி, பிடிச்சு இழுத்துப் பார்த்தா" என்றார். "அது என் சொந்தப் பல்."

"சாரி மேடம்" என்றாள் கறுப்புக் கண்ணாடிக்காரி.

"அம்மான்னே சொல்லு. இவ்வளவு நேரம் அப்படித்தான சொன்ன. துண்டை எடு."

மாணவி மண்டியிட்டுத் துடைத்தாள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பேராசிரியை அதைக் குனிந்து பார்த்துவிட்டு, கடைசி வரியிலும் டிக் போட்டார். பிறகு மனைவியின் கோப்பை வாங்கி, கட்டிலில் உட்கார்ந்தபடியே, அத்தாட்சிப் பக்கத்தில் கையெழுத்திட்டார். நாங்கள் காரியத்தை முடித்துக்கொண்டு கிளம்பியபோது அவர் வரவில்லை. தம்பி மகன் சாயந்தரம்தான் வருவான் என்று கட்டிலிலேயே சாய்ந்துகொண்டார். ஃபிட்டர் ஆயாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஆய்வேடு மே மாதக் கடைசி வாரத்தில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. மனைவி ஜூன் முதல் நாள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆய்வேட்டின் பிரதி ஒன்று இப்போதும் வீட்டில் இருக்கிறது. அதன் மூன்றாம் அத்தியாயத்தில், ஆய்வில் பங்கேற்ற முதியோர் பதினேழு பேர் என்று தட்டச்சு செய்திருக்கிறது. இல்லத்தில் அப்போது இருந்தவர்கள் பதினாறு பேர்.